பழைய ரேடியோ, ஆம்ப், டேப் செட்டுல கெப்பாசிட்டர் மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறது எப்படி

கொடைக்கானல் பக்கம் பழைய வீடுகள்ல இன்னும் நிறைய செட்டு மூடி வச்ச மாதிரியே கிடக்கு. தாத்தா காலத்து கண்ணாடிக் குழாய் வச்ச வால்வு ரேடியோ, ரெக்கார்டு பிளேயர், எண்பதுகள்ல வாங்குன டூ-இன்-ஒன், கோயில்லயும் சர்ச்சுலயும் ஓரமா வச்சிருக்கிற மைக்செட் ஆம்ப்னு எல்லாம் இருக்கு. இதுல பலதுலயும் பெரிய கோளாறு இருக்காது, சார்ஜைச் சேத்து வைக்கிற கெப்பாசிட்டர் செத்திருக்கும், அதை மாத்துனா பாடிரும். ஆனா புதுசா ரிப்பேர் பழகுறவங்க தடுமாறுற இடமும் அதேதான், போர்டைத் திறந்தா 104, 473, 2ஏ 222 ஜே, .05, ஒண்ணுல வெறும் கலர் பட்டை, இன்னொண்ணுல எழுத்தே அழிஞ்சு போயிருக்கும், எது என்ன வேல்யூன்னே பிடிபடாது.

நான் எல்லாருக்கும் முதல்ல சொல்றது இதுதான். நம்பரை மட்டும் தனியாப் படிக்காதீங்க. கெப்பாசிட்டரோட உடம்பு என்ன வகை, மேல என்ன எழுதியிருக்கு, சர்க்யூட்ல அது எந்த இடத்துல உட்காந்திருக்கு, இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா நீங்க படிச்சது தப்புன்னு வச்சுக்கிட்டு மறுபடி பாருங்க.

திறக்கறதுக்கு முன்னாடி

பிளக்கைப் புடுங்குங்க, சுவிட்சை ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது. ஸ்டோர் ரூம்ல மழைக்காலம் பூரா கிடந்த செட்டுன்னா எடுத்த உடனே கரண்ட் குடுக்கவே குடுக்காதீங்க, ஐப்பசி கார்த்திகை ஈரம் உள்ள இறங்கியிருக்கும், வெயில் விழுற காஞ்ச ரூம்ல ரெண்டு மூணு நாள் வச்சுட்டு அப்புறம் திறங்க.

சப்ளையைச் சுத்தம் பண்ற ஃபில்டர் கெப்பாசிட்டர் கரண்ட் இல்லாமயும் சார்ஜ் வச்சிருக்கும். வால்வு செட்டுல 250, 300 வோல்ட் சர்வ சாதாரணம், அது ஆளையே கொல்லும். ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஷார்ட் பண்ணி பொறி பறக்க விடுறதைப் பாத்திருப்பீங்க, அது வேண்டாம். 10 கே ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு நல்ல இன்சுலேஷன் உள்ள வயர் ரெண்டு போட்டு வச்சுக்கங்க, அதை + லயும் சேஸிஸ்லயும் (செட்டோட உலோகத் தட்டு) கொஞ்ச நேரம் பிடிச்சா மெதுவா இறங்கிரும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ல 4700 மைக்ரோ (கெப்பாசிட்டர் அளவான மைக்ரோ ஃபாரட்) மாதிரி பெரிய டப்பா இருந்தா அதுக்கு 1 கே 5 வாட் போதும், அரை நிமிஷம் பிடிங்க. ரெண்டுலயும் கடைசில மீட்டரை வச்சு வோல்ட் இறங்கிருச்சான்னு பாத்துட்டுத்தான் கை வைக்கணும். வால்வு செட்டு முதல் தடவைன்னா தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருக்கிறப்ப செய்யுங்க, தனியா உக்காந்து பழக வேண்டிய வேலை இல்ல இது.

எதையும் கழட்டறதுக்கு முன்னாடி போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கங்க. + எந்தப் பக்கம், கலர் பட்டை மேல இருந்து கீழ எப்படி வருது எல்லாம் அதுல இருக்கும்.

எழுத்து தெரியலைன்னா

நம்ம ஊர்ல இது பெரிய தொல்லை. பூஞ்சை பிடிச்சு, துரு ஏறி, இங்க் மங்கிப் போயிருக்கும். ஸ்பிரிட் நனைச்ச துணியால அழுத்தித் துடைச்சுராதீங்க, அழுக்கோட சேத்து எழுத்தும் போயிரும். காஞ்ச மெத்துன்னு இருக்கிற பெயிண்ட் பிரஷ்ஷால தூசியை மட்டும் தட்டுங்க, ரூம் லைட்டை அணைச்சுட்டு போன் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, அச்சு குழிஞ்சிருந்தா நிழல் விழுந்து தெரியும். போன் கேமராவுல ஜூம் பண்ணி ரெண்டு மூணு ஆங்கிள்ல எடுத்துப் பாத்தா கண்ணுக்குத் தெரியாததும் பல நேரம் தெரியும். லேசா வாயால ஊதி ஆவி படிய வச்சுப் பாக்கிறதும் உதவும், குளிர்ல ஆவி நல்லாவே நிக்கும்.

உடம்பை வச்சு வகை கண்டுபிடிங்க

அலுமினிய டப்பா, மேல பிளாஸ்டிக் உறை போட்டது எலக்ட்ரோலிட்டிக். இதுல வேல்யூ நேராவே எழுதியிருக்கும், 1000 மைக்ரோ 25 வோல்ட், இல்ல சுருக்கமா 10/16ன்னு, அதாவது 10 மைக்ரோ 16 வோல்ட். கூடவே 85ன்னோ 105ன்னோ போட்டிருப்பாங்க, அது தாங்குற டெம்பரேச்சர். இதே 105 ஒரு குட்டி செராமிக் மேல இருந்தா அது 1 மைக்ரோ ஃபாரட். நம்பர் ஒண்ணுதான், உடம்பு மாறுனா அர்த்தமே மாறிப்போகுது, நான் உடம்பைப் பாருங்கன்னு அடிச்சு சொல்றது இதுக்குத்தான்.

வட்டமா தட்டையா காவி கலர்ல, மஞ்சள் கலர்ல இருக்கிறது செராமிக் டிஸ்க். பச்சை, செங்கல் கலர்ல பளபளன்னு கொஞ்சம் தடிமனா இருக்கிறது பாலியெஸ்டர் ஃபிலிம். உள்ள சுருட்டி வச்ச வெள்ளித்தாள் தெரியுற மாதிரி ஒளி ஊடுருவுற குட்டி உருளை பாலிஸ்டைரீன், இதை ரேடியோவுல ட்யூனிங் பக்கமும் டேப் செட்டுல ரெக்கார்டிங்குக்கான பயஸ் ஆஸிலேட்டர் பக்கமும் பாப்பீங்க. வால்வு செட்டுல மெழுகு தடவுன அட்டைக் குழாய், இல்ல கருப்பா பிரவுனா வார்த்த குழாய் இருந்தா அது பேப்பர். பட்டாணி சைஸ்ல சொட்டு மாதிரி கால் ரெண்டும் கீழ இருந்தா டேண்டலம்.

நம்ம மலைக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. எலக்ட்ரோலிட்டிக்கோட எதிரி சூடு, 10 டிகிரி கூடுனா ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. அதனால ஏழாயிரம் அடி உயரத்துல குளிர்ல இருந்த செட்டுல இந்த டப்பாக்கள் திண்டுக்கல் மதுரை வெயில்ல இருந்ததைவிட நல்லா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா பேப்பர் கெப்பாசிட்டருக்கு எதிரி ஈரம். மெழுகுல விரிசல் விட்டு வருஷக்கணக்கா மூடுபனியை உறிஞ்சி உள்ளயே லீக் ஆக ஆரம்பிச்சிருக்கும். அதனால இங்க வால்வு செட்டு கிடைச்சா பேப்பர் கெப்பாசிட்டரை ஒண்ணு விடாம மாத்திருங்கன்னுதான் நான் சொல்லுவேன், அளந்து பாத்துட்டு வைக்கலாம்னு யோசிக்க வேண்டியதில்ல.

மூணு நம்பர் கணக்கு

செராமிக், ஃபிலிம் ரெண்டுலயும் அதிகமா வர்றது மூணு இலக்கம். முதல் ரெண்டு இலக்கத்தை அப்படியே எழுதுங்க, மூணாவது இலக்கம் எத்தனை சைபர்னு சொல்லுது, வர்ற விடை பிக்கோ ஃபாரட்ல இருக்கும், கடைல பிஎஃப்னு சொல்லுவாங்க. நமக்கு லட்சக் கணக்கு பழக்கம்ங்கிறதால இது ரொம்ப சுலபம். பத்து லட்சம் பிஎஃப் ஒரு மைக்ரோ, ஆயிரம் பிஎஃப் ஒரு நானோ, இந்த ரெண்டை மட்டும் மனசுல வச்சுக்கங்க. 104ன்னா 10க்குப் பின்னாடி நாலு சைபர், ஒரு லட்சம் பிஎஃப், அப்ப 0.1 மைக்ரோ. 103 பத்தாயிரம், 0.01 மைக்ரோ. 473ன்னா நாப்பத்தேழாயிரம் பிஎஃப், 47 நானோன்னும் சொல்லலாம், 0.047 மைக்ரோன்னும் சொல்லலாம். 222 ரெண்டாயிரத்து இருநூறு, 2.2 நானோ. 101ன்னா 100 பிஎஃப்.

மூணாவது இலக்கம் 9ஆ இருந்தா ஒன்பது சைபர் இல்ல, பத்தால வகுக்கணும், 479ன்னா 4.7 பிஎஃப்.

குழப்பம் எங்கன்னா மூணாவது இலக்கம் சைபரா இருக்கிறப்ப. டிஸ்க் மேல 220ன்னு இருந்தா மூணு நம்பர் கணக்குப்படி 22 பிஎஃப், ஆனா பழைய டிஸ்க் நிறையவற்றுல நேரா 220 பிஎஃப்னே அடிச்சிருப்பாங்க. இதுக்கு ஒரே வழி அதே போர்டுல அதே மாதிரி உள்ள மத்த டிஸ்க்கைப் பாக்கிறது. பக்கத்துல 221, 471ன்னு இருந்தா அந்தக் கம்பெனி மூணு நம்பர் முறைல எழுதுது, அப்ப 220ங்கிறது 22. பக்கத்துல 1000, 4700ன்னு நீளமா இருந்தா நேரா எழுதுறவங்க. அப்பவும் சந்தேகம்னா ஒரு காலை மட்டும் கழட்டி மீட்டர்ல பாருங்க, 22க்கும் 220க்கும் பத்து மடங்கு வித்தியாசம், சுமாரான மீட்டரே காட்டிக் குடுத்துரும். பாலிஸ்டைரீன்ல பெரும்பாலும் நேரான பிஎஃப்தான், 470ன்னா 470, 1000ன்னா 1000.

புள்ளியோட ஆரம்பிச்சா, .1, .05, 0.022ன்னு இருந்தா அது மைக்ரோ. நம்பர் நடுவுல எழுத்து வந்தா அந்த எழுத்து இருக்கிற இடம்தான் புள்ளி, 4என்7ன்னா 4.7 நானோ, எழுத்து முன்னாடி வந்து மியூ1ன்னா 0.1 மைக்ரோ.

ரொம்பப் பழைய செட்டுல எம்எஃப்டின்னு இருக்கும், அது மைக்ரோ ஃபாரட். எம் ரெண்டு தடவை வந்து எம்எம்எஃப்டி, எம்எம்எஃப்னு இருந்தா மைக்ரோவுல மைக்ரோ, அதாவது பிக்கோ. இதைக் கவனிக்காம விட்டா பத்து லட்சம் மடங்கு தப்பு, ஆனா உடம்பைப் பாத்தாலே தெரிஞ்சிரும், விரல் நகம் சைஸ் மைக்கா கெப்பாசிட்டருக்குள்ள 100 மைக்ரோ எப்படி அடங்கும்.

எழுத்துக்கள்

நம்பருக்குப் பின்னாடி வர்ற ஒத்தை எழுத்து டாலரன்ஸ், அதாவது எழுதுன வேல்யூவுல இருந்து எவ்வளவு மாறலாம்னு சொல்றது. ஜேன்னா 5 சதவீதம் கூட குறைய, கே 10, எம் 20. எஃப் 1, ஜி 2, இந்த ரெண்டும் ட்யூனிங் மாதிரி துல்லியம் வேணுங்கிற இடத்துல வரும். இசட்டுன்னா மைனஸ் 20ல இருந்து ப்ளஸ் 80 வரைக்கும் போகலாம், அப்படிப்பட்ட டிஸ்க் சப்ளை லைனைச் சுத்தம் பண்றதுக்கு மட்டும் ஆகும், சத்தம் போற வழில போடாதீங்க. 104 கேன்னு பாத்துட்டு 104 கிலோன்னு படிச்சுராதீங்க. அதே நேரம் பழைய ஐரோப்பிய கெப்பாசிட்டர் சிலதுல 10 கேன்னு இருந்தா அது நிஜமாவே பத்தாயிரம் பிஎஃப்பா இருக்கலாம், இங்கயும் சைஸ்தான் சாட்சி.

முன்னாடி ஒரு நம்பரும் எழுத்தும் ஜோடியா வந்தா வோல்டேஜ். ஆடியோ செட்டுல அடிக்கடி வர்றது 1சி 16 வோல்ட், 1இ 25, 1எச் 50, 1ஜே 63, 2ஏ 100, 2இ 250, 2ஜி 400, 2ஜே 630. அப்ப 2ஏ 222 ஜேன்னா 100 வோல்ட், 2200 பிஎஃப், 5 சதவீதம், முழுசாப் படிச்சாச்சு. டிஸ்க் நெத்தில கருப்பு மை தடவியிருந்தா சூடு குளிருக்கு வேல்யூ மாறாத வகை, எழுத்துல எழுதுனா என்பிஓன்னு இருக்கும். எஃப்எம் காயில் பக்கத்துல இருக்கிறது பெரும்பாலும் இதுதான், அதைக் கண்ட டிஸ்க் போட்டு மாத்துனா கொடை எஃப்எம் 100.5ல வச்ச முள்ளு செட்டு சூடாக சூடாக நகந்துகிட்டே போகும். அந்தப் பக்கம் கோளாறு இல்லைன்னா கையே வைக்க வேண்டாம்.

நாலு இலக்கம் தனியா எங்கயாவது ஓரத்துல இருந்தா அது தேதியா இருக்க வாய்ப்பு உண்டு. 8423ன்னா 1984, 23வது வாரம். செட்டோட வயசு தெரியணும்னா இதைத் தேடுங்க.

கலர் பட்டை

பழைய பிலிப்ஸ், முல்லார்டு செட்டைத் திறந்தா பட்டை பட்டையா கலர் மீன் மாதிரி ஒரு பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் வரிசையா நிக்கும், பாக்கவே அவ்வளவு அழகா இருக்கும். கால் கீழ இருக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு தலைல இருந்து கீழ படிக்கணும். முதல் ரெண்டு பட்டை இலக்கம், மூணாவது சைபர் எத்தனைன்னு, நாலாவது டாலரன்ஸ், அஞ்சாவது வோல்டேஜ். கலர் நம்பர் ரெசிஸ்டருக்கு உள்ளதேதான். கருப்பு 0, பிரவுன் 1, சிகப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, வயலட் 7, சாம்பல் 8, வெள்ளை 9. நாலாவது இடத்துல வெள்ளைன்னா 10 சதவீதம், கருப்புன்னா 20. கடைசில சிகப்பு 250 வோல்ட், மஞ்சள் 400.

மஞ்சள் வயலட் ஆரஞ்சுன்னா 47க்குப் பின்னாடி மூணு சைபர், 0.047. பிரவுன் கருப்பு மஞ்சள்னா 0.1. ஒரே கலர் அடுத்தடுத்து வந்தா நடுவுல கோடு தெரியாது, ஒரே அகலமான பட்டையாத்தான் இருக்கும். சிகப்பு அகலமா இருந்து அடுத்து மஞ்சள் வந்தா சிகப்பு சிகப்பு மஞ்சள், 0.22. பட்டையை எண்ணும்போது அஞ்சு வரலைன்னா எது அகலமா இருக்குன்னு பாருங்க.

ப்ளஸ் மைனஸ்

இங்க கோட்டை விட்டா வெடிக்கும், அதனால நிதானமா படிங்க. அலுமினிய டப்பாவுல பட்டை போட்டுக் காட்டுறது மைனஸை. டேண்டலத்துல குறி போட்டுக் காட்டுறது ப்ளஸ்ஸை. ரெண்டும் நேர் எதிர். கலர் போட்ட பழைய டேண்டலம்னா அதோட புள்ளி உங்களைப் பாத்து, கால் கீழ இருக்கிற மாதிரி வச்சா வலது கால் ப்ளஸ்.

ரெண்டு முனைலயும் கால் வர்ற பழைய நீள எலக்ட்ரோலிட்டிக்ல ஒரு ஓரத்துல வளையமா அமுக்கின பள்ளம் இருக்கும், அந்தப் பக்கம் ப்ளஸ், வெறும் உலோக டப்பாவோட ஒட்டியிருக்கிற கால் மைனஸ். எழுத்து மொத்தமா அழிஞ்சு போனாலும் இந்தப் பள்ளம் அழியாது. வால்வு செட்டுல ஒரே பெரிய டப்பாவுக்குள்ள ரெண்டு மூணு கெப்பாசிட்டர் இருக்கும், 32+32, 50+50ன்னு, அடில ஒவ்வொரு காலு பக்கத்துலயும் சதுரம், முக்கோணம், அரை வட்டம்னு குறி வெட்டியிருப்பாங்க, உடம்புல அந்தக் குறிக்கு நேரா வேல்யூ இருக்கும், டப்பா பொதுவா எல்லாத்துக்கும் சேத்து மைனஸ்.

பேப்பர், ஃபிலிம் குழாய்ல ஒரு முனைல கருப்பு வளையம் இருந்தா அது மைனஸ் இல்ல. சுருட்டுனதுல வெளி ஃபாயில் எந்தக் காலோட சேந்திருக்குன்னு காட்டுது, இதுக்குப் ப்ளஸ் மைனஸே கிடையாது. டப்பா எலக்ட்ரோலிட்டிக் மாதிரியே இருந்து பிபின்னோ என்பின்னோ எழுதியிருந்தா அதுக்கும் பக்கம் கிடையாது, ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள சத்தத்தைப் பிரிச்சு அனுப்புற கிராஸ் ஓவர்ல வரும், அந்த இடத்துல சாதா எலக்ட்ரோலிட்டிக் போடவே கூடாது.

மெயின்ஸ் பக்கம் இருக்கிறது

பவர் கார்டு உள்ள வர்ற இடத்துல, சுவிட்சுக்குக் குறுக்க ஒரு கெப்பாசிட்டர் இருந்தா அதுல எக்ஸ்2, ஒய்2ன்னு குறியும் 250க்குப் பக்கத்துல நெளிஞ்ச கோடும் இருக்கான்னு பாருங்க, அந்த நெளிவு ஏசின்னு அர்த்தம். பழைய பேப்பர் வகைல மேல் பிளாஸ்டிக்ல முடி மாதிரி விரிசல் விட்டிருக்கும், ஈரம் உள்ள போய் ஒரு நாள் புகைஞ்சு வீடே நாறும். விரிசல் பாத்தா யோசிக்காம மாத்துங்க, போடறதும் அதே எக்ஸ்2 ஒய்2 குறி உள்ளதுதான் போடணும். 630 வோல்ட் டிசி ஃபிலிம் இருக்கே, அதைப் போடலாமேன்னு தோணும், போடாதீங்க, குறிப்பா ஒய் இடத்துல, அதாவது மெயின்ஸுக்கும் உலோகப் பாடிக்கும் நடுவுல, அது ஷார்ட் ஆனா உலோகப் பாடி முழுக்க கரண்ட் வந்துரும்.

இடம் சொல்றது

படிச்சு வந்த வேல்யூ அந்த இடத்துக்குப் பொருந்துதான்னு கடைசியா ஒரு தடவை பாருங்க. ஏசியை டிசி ஆக்குற ரெக்டிஃபையருக்கு அடுத்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ல ஆயிரக்கணக்கான மைக்ரோ வரும். ஒத்தை சப்ளைல ஓடுற செட்டுல ஸ்பீக்கருக்குப் போற வழில 470ல இருந்து 2200 மைக்ரோ வரைக்கும் பாக்கலாம். டிரான்சிஸ்டருக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவுல 1 மைக்ரோ, 10 மைக்ரோ. வால்வுக்கும் வால்வுக்கும் நடுவுல 0.01, 0.047, ஆனா 400 வோல்ட், 630 வோல்ட். பாஸ் ட்ரெபிள் கண்ட்ரோல் பக்கம் 0.0047, 0.022 மாதிரி. ட்ரெபிள் கண்ட்ரோல் பக்கத்துல 47 மைக்ரோன்னு படிச்சிருந்தீங்கன்னா எங்கயோ புள்ளியை விட்டுட்டீங்க.

வாங்குறதும் போடுறதும்

மலைல எல்லாம் கிடைக்காது, மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்குறப்ப மொத்தமா வாங்கிட்டு வந்துருங்க. சீட்டுல வேல்யூ, வோல்டேஜ், வகை, கால் ஒரே பக்கமா ரெண்டு பக்கமா, உயரம் எவ்வளவு இருந்தா மூடி மூடும்னு எல்லாம் எழுதிட்டுப் போங்க. பழைய வேல்யூ இப்ப கடைல அப்படியே இருக்காது. .05க்கு 0.047, .02க்கு 0.022, 50க்கு 47, 25க்கு 22, 500க்கு 470, 2000க்கு 2200, 32க்கு 33, 8க்கு 10 போட்டுக்கலாம். வோல்டேஜ் கூட இருக்கலாம், குறையக் கூடாது. எலக்ட்ரோலிட்டிக்ல 105 டிகிரி போட்டது கிடைச்சா அதையே எடுங்க. வால்வு ரெக்டிஃபையர் உள்ள செட்டுல மட்டும் முதல் ஃபில்டரை இஷ்டத்துக்குப் பெருசாக்காதீங்க, இஇசட்80 மாதிரி வால்வு 50 மைக்ரோவுக்கு மேல தாங்காது.

ஒண்ணைக் கழட்டுனா ஒண்ணைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. பாலிஸ்டைரீன் பக்கம் சால்டர் வைக்கிறப்ப காலை நுனி மூக்கு பிளையர்ல பிடிச்சுக்கங்க, சூடு உள்ள போனா உருகிரும். மீட்டர்ல அளக்கணும்னா ஒரு காலாவது போர்டுல இருந்து தூக்கியிருக்கணும். பழைய பேப்பரும் எலக்ட்ரோலிட்டிக்கும் எழுதுனதைவிட நிறைய கூடக் காட்டுனா நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க, லீக் ஆகுறது மீட்டருக்கு அப்படித்தான் தெரியும்.

எல்லாம் போட்டு முடிச்சதும் போட்டோவை வச்சு ஒவ்வொரு ப்ளஸ்ஸும் சரிபாத்துட்டு, சீரிஸ் பல்ப் வழியா, அதாவது செட்டுக்குப் போற மெயின்ஸ் வயர்ல தொடரா ஒரு பல்பை மாட்டி, கரண்ட் குடுங்க. 60 வாட் குண்டு பல்பு வேணும், எல்இடி இதுக்கு ஆகாது. ஆன் பண்ண உடனே பளிச்சுன்னு எரிஞ்சு மங்குனா நல்லது. மங்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா உடனே ஆஃப் பண்ணிட்டு, சார்ஜை இறக்கிட்டு, கடைசியா மாத்துன எலக்ட்ரோலிட்டிக்கோட பட்டைல இருந்து மறுபடி பாக்க ஆரம்பிங்க.